டவரில் வந்த புது அலைவரிசையை ரவுட்டருக்குக் காட்டியது எப்படி

போடியில் எங்கள் வீட்டு இணையம் சிம் போட்ட 4ஜி ரவுட்டரில் ஓடுகிறது. பக்கத்து டவரில் ஆட்கள் ஏறிப் புது ஆன்டெனா மாட்டிவிட்டுப் போன பிறகும், மாலையானால் வீடியோ சுற்றிக்கொண்டே நின்றது. சிக்னல் கோடுகள் மட்டும் முழுசாக இருந்தன.

சிம்மை மாற்றினேன், ஏபிஎன் (சிம் இணையத்தோடு சேர ரவுட்டரில் கொடுக்கும் பெயர்) திரும்பப் போட்டேன், ரவுட்டரை ரீசெட் செய்தேன். வாடிக்கையாளர் சேவையில் வேலை முடிந்துவிட்டது என்றார்கள். ஒன்றும் மாறவில்லை.

அப்புறம் போன் எந்த டவரைப் பிடித்திருக்கிறது என்று காட்டும் செல்மேப்பர் செயலியைப் போட்டு மொட்டைமாடியில் பார்த்தேன். 4ஜி செல் எண்ணை 256-ஆல் வகுத்தால் ஈவு டவரின் எண், மீதி அதிலுள்ள செக்டரின் (டவரின் ஒரு அலைபரப்புப் பிரிவின்) எண். டவர் எண் பழையதுதான். ஆனால் இதுவரை பார்க்காத செக்டர் ஒன்று வந்திருந்தது: பேண்ட் (அலைவரிசைப் பட்டை) 40, அதாவது 2300 மெகாஹெர்ட்ஸ். ரவுட்டர் பிடித்திருந்ததோ பேண்ட் 5, 850 மெகாஹெர்ட்ஸ். அது சுவரைத் தாண்டி நன்றாக வரும், அதனால் கோடுகள் நிறைய. ஆனால் அந்தப் பட்டையின் அகலம் குறைவு, ஒரே நேரத்தில் கொஞ்சம் டேட்டாதான் போகும், மாலையில் ஊரே அதில் நெரிகிறது.

ரவுட்டர் அமைப்பில் தானியங்கியை எடுத்துவிட்டுப் பேண்ட் 40-ஐ மட்டும் தேர்ந்தெடுத்து, ஜன்னலோரம் நகர்த்தினேன். ஆர்எஸ்ஆர்பி, அதாவது சிக்னல் வலிமை, -84-இலிருந்து -101-க்கு இறங்கியது, கோடுகள் பாதியாயின. வீடியோ நிற்காமல் ஓடியது! பெரிய நிம்மதி.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: மென்பொருள் புதுப்பித்தபோது என் ரவுட்டர் சத்தமில்லாமல் தானியங்கிக்குத் திரும்பியது, மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.