எடை ஏறுகிறதா? சாப்பிடும் வேகத்தைப் பாருங்கள்

வயிறு நிறைந்த சேதி மூளைக்கு எட்ட ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். கடலூர் சிப்காட்டில் ஷிப்டுக்கு ஓடுபவர் ஏழெட்டு நிமிடத்தில் சாப்பிட்டு முடித்தால், அதற்குள் இரண்டாம் முறையும் சோறு விழுந்திருக்கும். வேகமாகச் சாப்பிடுபவர்களிடம் எடை கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. வேகம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

இதில் குழம்புக்குப் பெரிய பங்கு. சோறு மிதக்க ஊற்றினால் மெல்லாமலே வழுக்கி இறங்கும். கெட்டியாகப் பிசைந்து, சின்னக் கவளமாக எடுங்கள்; வாயில் இருப்பது இறங்கிய பிறகே கை தட்டுக்குப் போகட்டும். முதலில் பாதிச் சோறு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். அவரைப் பொரியலோ, முள் பார்த்துத் தின்ன வேண்டிய கவலை மீனோ இருந்தால் வேகம் தானாகக் குறையும். 32 தடவை எண்ணி மெல்வதெல்லாம் இரண்டு நாள் கூத்து. தண்ணீர் குடித்துச் சோற்றை உள்ளே தள்ளவும் வேண்டாம்.