கல்யாண கேக் சாம்பிளா? ஸ்பாஞ்ச் தனி, கிரீம் தனி

வெளியூர்க் கல்யாண ஆர்டருக்கு சாம்பிள் அனுப்பும்போது கிரீம் பூசிய துண்டை அனுப்பாதீர்கள். வெறும் ஸ்பாஞ்சை சின்ன அலுமினிய ஃபாயில் கப்பிலேயே ஓவனில் சுட்டு, நன்றாக ஆறியதும் கப்போடு கிளிங் ஃபிலிமில் இரண்டு சுற்று சுற்றி, ஒரு ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் கல் மாதிரி உறையவிட்டு, சாக்லேட் கனாஷை (கிரீமில் சாக்லேட்டை உருக்கிச் செய்யும் பூச்சு) தனியாகத் திருகுமூடி டப்பாவில் போட்டு, மறுநாள் ராத்திரி பஸ் பார்சலில் ஏற்றிவிடுங்கள். கோவையில் ஏற்றினால் காலையில் சென்னையில் கைக்கு வந்துவிடும்.

உறைந்த கேக் பஸ் குலுக்கலில் உதிராது, கப் இருப்பதால் நசுங்கவும் நசுங்காது. வழியில் மெதுவாக உருகும்போது வேர்க்கிற ஈரமும் ஃபிலிமின் வெளிப்பக்கத்தில்தான் படியும், கேக் பிசுபிசுக்காது. அதனால் முழுசாக அறைச்சூட்டுக்கு வந்த பிறகுதான் ஃபிலிமைப் பிரிக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள் (பொண்ணு வீட்டில் பொறுமை இருக்காது, கொட்டை எழுத்தில் போடுங்கள்). கனாஷுக்கு டார்க் சாக்லேட் இரண்டு பங்கு, கிரீம் ஒரு பங்கு என்றால் கெட்டியாக நிற்கும்.

ஃப்ரெஷ் கிரீம், கிரீம் சீஸ், மாம்பழத் துண்டு வைத்த கேக்குக்கெல்லாம் இது சரிப்படாது, வழியிலேயே கெட்டுவிடும். ஒரு ராத்திரிக்கு மேல் ஆகிற தூரத்துக்கும், பகல் முழுக்க பார்சல் ஆபீஸில் கிடக்கிற மாதிரி இருந்தாலும் வேண்டாம். மே மாத வெயிலில் ராத்திரி பஸ்ஸையே நான் நம்புவதில்லை.