கட்டடத்துக்குள் பரவல் ஆன்டெனா: கேபிள் இழுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

பரவல் ஆன்டெனா அமைப்பு, துறையில் 'டாஸ்'. கட்டடத்துக்குள் போன் சிக்னல் கிடைக்க, ஒரே மூலத்தின் (சிக்னல் அனுப்பும் கருவியின்) சக்தியைப் பிரித்து, மாடிக்கு நாலைந்து சின்ன ஆன்டெனாக்களாகக் கூரையில் பொருத்துவதுதான் இதன் வேலை. 1800 மெகாஹெர்ட்ஸுக்குக் கணக்குப் போட்டுக் கேபிளை இழுத்துவிட்டு, பின்னால் அதிலேயே 5ஜியின் 3500-ஐ ஏற்றப் பார்க்கும்போது சிக்கல் தொடங்குகிறது. எந்த அலைவரிசை மிக உயரமானதோ அதற்குத்தான் முதலில் கணக்கு. அலைக்கற்றை உரிமம் வைத்திருக்கும் நிறுவனத்தின் ஒப்புதலும் அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

கணக்கை ஆன்டெனாவிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். 15 மீட்டர் தள்ளி நிற்கும் போனுக்கு, ஒரு துணை அலைக்கு (5ஜி சிக்னல் பிரியும் நுண்ணிய அலைகளில் ஒன்று) −95 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபலில் சொல்லும் சக்தி அளவு) கிடைக்க வேண்டும் என்று வைப்போம். 3500 மெகாஹெர்ட்ஸில் முதல் மீட்டரிலேயே 43.3 டெசிபல் போய்விடும். 15 மீட்டர் வரை இன்னும் 23.5. இரண்டு லேசான தடுப்புச் சுவருக்கு 8, ஏற்ற இறக்கத்துக்கு 10. மொத்தம் சுமார் 85. ஆன்டெனாவின் ஆதாயம் (சிக்னலை ஒருமுகப்படுத்தித் தரும் கூடுதல்) 3 என்றால், அதன் வாயிலில் −13 டிபிஎம் வர வேண்டும். கான்கிரீட் சுவர் குறுக்கே வந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அந்த அறைக்குத் தனி ஆன்டெனா வையுங்கள்.

இப்போது மூலம். 43 டிபிஎம், அதாவது 20 வாட், என்பது மொத்த சக்தி. 100 மெகாஹெர்ட்ஸ் அகல 5ஜியில் அது 3276 துணை அலைகளுக்குப் பங்காகிறது, ஒவ்வொன்றுக்கும் 35.2 டெசிபல் குறைந்து 7.8 டிபிஎம்தான் மிஞ்சும். இந்தப் பங்கீட்டை மறந்துவிட்டு 43-ஐயே வைத்துக் கணக்குப் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆக, மூலத்துக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே இழக்கக்கூடியது சுமார் 21 டெசிபல்.

16 ஆன்டெனாக்கள் என்றால் பங்கீட்டுக்கு 12, உதிரிபாகங்களின் சொந்த இழப்புக்கு 2. மீதி 7 மட்டுமே கேபிளுக்கு. அரை அங்குலக் கேபிள் 3500-இல் 100 மீட்டருக்குச் சுமார் 15 டெசிபல் தின்னும். 60 மீட்டர் ஓட்டத்துக்கு 9. போதாது. அதில் 40 மீட்டர் செங்குத்துத் தண்டை முக்கால் அங்குலத்துக்கும் மேலான, எட்டில் ஏழு பங்கு அங்குலக் கேபிளாக மாற்றினால் மொத்தம் சுமார் 6.4-க்கு இறங்கும். மயிரிழையில் தப்புகிறோம். 1800-இல் இதே அமைப்பு பத்து டெசிபலுக்கும் மேல் மிச்சம் வைத்திருக்கும். அதனால்தான் பழைய வரைபடங்கள் ஏமாற்றுகின்றன. சரியான இழப்பைக் கேபிள் தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். 2700 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே வேலை செய்யும் ஸ்ப்ளிட்டரும் (சக்தியைச் சமமாகப் பிரிக்கும் பாகம்) ஆன்டெனாவும் வாங்கவே வேண்டாம்.

நான்கு மாடிகளுக்குச் சமமாகப் பிரிக்க, முதல் மாடியில் 6 டெசிபல் கப்ளர் (சக்தியில் ஒரு பங்கை மட்டும் கிளையாக எடுக்கும் பாகம்), அடுத்ததில் 5 டெசிபல் கப்ளர், கடைசி இரண்டுக்கு இருவழி ஸ்ப்ளிட்டர். முதல் மாடிக்கு கால் பங்கு போகும். மீதி முக்காலில் மூன்றில் ஒன்று இரண்டாம் மாடிக்கு. எஞ்சிய அரை இரண்டாகப் பிரியும். எல்லா மாடிக்கும் 6 டெசிபல் இழப்பு. தண்டு நீளமானால் கடைசி மாடிக்குக் கேபிள் இழப்பு கூடும், அப்போது முதல் கப்ளரை 7-க்கு உயர்த்துங்கள்.

அடுத்த எதிரி பிம், அதாவது செயலற்ற இடைக்கலப்பு: கேபிள், கனெக்டர் போன்ற பாகங்களில் இரண்டு அலைகள் கலந்து வேண்டாத புது அலை பிறப்பது. 1810-உம் 1870-உம் ஒரே கேபிளில் போகும்போது ஒரு தளர்ந்த இணைப்பே போதும்: இருமடங்கு 1810-இலிருந்து 1870-ஐக் கழித்தால் 1750, நேராகப் போன்கள் பேசும் ஏறுவழிப் பட்டையில் விழுகிறது. போனில் சிக்னல் கட்டங்கள் முழுதாகக் காட்டும், ஆனால் அழைப்பு அறுந்துகொண்டே இருக்கும். சக்தி அதிகமுள்ள, மூலத்தை ஒட்டிய முதல் சில இணைப்புகளில்தான் கவனம் அதிகம் தேவை. திருகு வகை 4.3-10 கனெக்டரை டார்க் ஸ்பேனரால் 5 நியூட்டன் மீட்டர் முறுக்குங்கள். வெட்டிய செப்பு முனையில் ஒட்டியிருக்கும் உலோகத்தூளைத் துடைத்தெடுங்கள். காலி வாயில்களில் மாட்டும் டம்மி லோடும் (சக்தியை உறிஞ்சிக்கொள்ளும் மூடி) குறைந்த பிம் வகையாக இருக்கட்டும். மலிவான லோடு ஒன்றே முழு அமைப்பையும் கெடுக்கும். பிம் சோதனையின்போது ஒவ்வொரு கனெக்டரையும் விரலால் தட்டிப் பாருங்கள். அளவீடு துள்ளினால் குற்றவாளி அதுவே. எதுவும் துள்ளாமல் அளவு மோசமாகவே இருந்தால், ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் துருப்பிடித்த கூரைச் சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபைபர் வழி ரிமோட் யூனிட்டுகள் (சிக்னலை ஃபைபரில் வாங்கி ஆன்டெனாவுக்குத் தரும் கருவிகள்) வைத்தால் இன்னொரு கணக்கு உண்டு: எட்டு யூனிட்டுகளின் இரைச்சல் ஏறுவழியில் சேர்ந்து 9 டெசிபல் கூடும். அங்கே ஏறுவழி ஆதாயத்தைக் குறைத்தே வையுங்கள்.

ஒரு கோஆக்ஸியல் கேபிள் (இதுவரை பார்த்த செப்புக் கேபிள்) ஒரு மைமோ அடுக்குதான் தரும்; மைமோ என்பது ஒரே நேரத்தில் பல தரவு ஓடைகளை அனுப்பும் முறை. இரண்டு வேண்டுமானால் இணையாக இரண்டு தடம், இரண்டின் இழப்பும் 3 டெசிபலுக்குள் ஒத்திருக்க வேண்டும். நான்கு தடம் இழுப்பது பெரும்பாலும் வீண். பின்னாளில் செல் எல்லை இல்லாத மைமோவுக்கு மாறினால், ஒவ்வொரு ஆன்டெனாவும் தனி வானொலிக் கருவியாகி, எல்லாம் கட்ட ஒத்திசைவோடு (அலைகளின் ஏற்றமும் இறக்கமும் பொருந்தும்படி) ஒரே போனுக்குச் சேர்ந்து அனுப்பும். அதைப் பங்கிடப்பட்ட கோஆக்ஸியல் தாங்காது. எனவே கூரை திறந்திருக்கும்போதே ஒவ்வொரு ஆன்டெனா இடத்துக்கும் இரண்டு இழை ஃபைபரும், மின்சாரத்துக்கு ஒரு கேட் 6ஏ கேபிளும் இழுத்துவிடுங்கள். 802.3பிடி பிஓஇ (வலைக் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் முறை) 100 மீட்டர் வரை கருவிக்கு 71 வாட் தரும். ஃபைபர் ஒவ்வொன்றின் நீளத்தையும் குறித்து வையுங்கள்: கிலோமீட்டருக்கு 5 மைக்ரோவினாடி தாமதம், துணை அலைகள் 30 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும் 5ஜியின் காப்பு இடைவெளியோ (தாமதமாக வரும் அலைகளைப் பொறுத்துக்கொள்ள விடும் நேரம்) 2.3 மைக்ரோவினாடிதான்.