ஒரே குக்கரில் பிள்ளைகளின் இரவுச் சாப்பாடு

இரவு இட்லிக்குச் சாம்பார் வைக்கத் துவரம்பருப்பை ஒரு பாத்திரத்தில் போட்டுக் குக்கருக்குள் வைக்கும்போதே, அதன் மேல் ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் 2 மேசைக்கரண்டி அரிசி, 1 மேசைக்கரண்டி பாசிப்பருப்பு, ஒரு துண்டு கேரட், இவற்றைப் போல 5 மடங்கு தண்ணீர் ஆகியவற்றையும் மூடி வைத்துவிட்டால், கைக்குழந்தைக்கும் நடை பழகிய பிள்ளைக்கும் தனியாகச் சமைக்க வேண்டியதில்லை. அழுத்தத்தில் குக்கருக்குள் வெப்பம் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸை எட்டுவதால் இரண்டும் ஒரே நேரத்தில் வெந்துவிடும்; குழைவைத் தீர்மானிப்பது கிண்ணத்தில் ஊற்றும் தண்ணீரே. பருப்பு பொங்கும் என்பதால் கிண்ணம் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. சின்னதற்கு உப்பில்லாமல் நன்றாக மசித்தும், பெரியதற்குச் சிறிது உப்பும் நெய்யும் சேர்த்து அரைகுறையாக மசித்தும் கொடுக்கலாம் (மிச்சம் வைத்தால் அம்மாவுக்குத்தான்).

தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் 6 மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு இது பொருந்தாது. காலையிலேயே வேகவைத்து இரவு வரை வெளியே வைத்திருப்பதும், அதிலும் மதுரையின் சித்திரை வெயிலில், அறவே கூடாது.