போர்டிங்கில் விட்ட நாயை மறந்துபோகாமல் இருக்க

அடிபட்டுக் கிடந்த நாயைத் தூக்கி வந்தோம், ஆபரேஷன் ஆச்சு, தையலும் பிரிச்சாச்சு. வாடகை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, அதனால் தத்தெடுக்க யாராவது வரும்வரைக்கும் என்று போர்டிங்கில், அதாவது காசு வாங்கிக்கொண்டு நாயை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடத்தில், விடுகிறோம். அந்த 'வரும்வரைக்கும்' ஒரு வருஷத்தைத் தாண்டிவிடும், அதுவும் வளர்ந்த நாட்டு நாய் என்றால் கேட்டு வருகிற ஆளே அபூர்வம். மாதாமாதம் பணம் அனுப்புவதால் நாய் நன்றாக இருக்கிறது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

இடம் பார்க்கப் போவதானால் சாயங்காலம் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். எத்தனை நாய்க்கு எத்தனை ஆள், ராத்திரி யார் தங்குகிறார்கள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூண்டைத் திறக்கிறார்கள் என்று நேராகவே கேளுங்கள். “ஃப்ரீயாத்தான் விடுறோம்” என்றால் எத்தனை மணிக்கு, எந்த நாய்களோடு என்றும் கேட்க வேண்டும். கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை நடக்கவிடாமல் இருப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் குற்றமாகவே இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லிச் சண்டை போடுவதைவிட நல்ல இடமாகத் தேடுவது சுலபம்.

மாதம் ஒரு தடவையாவது சொல்லாமல் போய் நில்லுங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்து எழுதி வையுங்கள். எனக்கு வாராவாரம் போட்டோ வந்துகொண்டுதான் இருந்தது, நேரில் போனபோது 17 கிலோ நாய் 12 கிலோவாக நின்றது, வந்ததெல்லாம் பழைய போட்டோ. அப்புறம் நகத்தைப் பாருங்கள், வளைந்து நீண்டிருந்தால் நடக்கவே விடவில்லை என்று அர்த்தம். முழங்கையில் காய்ப்பு இருந்தால் வெறும் சிமென்ட் தரையில்தான் படுக்கிறது, ஒரு பலகையோ கட்டிலோ வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

சென்னை மாதிரி ஊரில் பெரிய தலைவலி உண்ணிக் காய்ச்சல். ஈறு வெளுத்து, சாப்பிடாமல் சுருண்டு படுத்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. எர்லிக்கியா (உண்ணி பரப்புகிற கிருமி) என்று வந்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையைப் பொதுவாக 28 நாள் கொடுக்கச் சொல்வார்கள், பத்தாவது நாள் நாய் துள்ள ஆரம்பித்ததும் நிறுத்திவிடுவது போர்டிங்கில் சர்வசாதாரணம், அதனால் மாத்திரை அட்டையை நீங்களே எண்ணுங்கள். தடுப்பூசி, பூச்சி மருந்துத் தேதிகளும் உங்கள் போனில்தான் இருக்க வேண்டும்.

உடம்பைவிடக் கவனிக்கச் சிரமமானது மனசு. ஒரே இடத்தில் சுற்றுவது, முன்னங்காலைப் புண்ணாகும் வரை நக்குவது எல்லாம் கண்ணில் படும். முன்பு கதவில் பாய்ந்த நாய் இப்போது உங்களைப் பார்த்தும் எழுந்து வரவில்லை என்றால்தான் நான் பயப்படுவேன். “ரொம்ப சாதுவாயிடுச்சு” என்பார்கள், அது பெரும்பாலும் சாது இல்லை, மனசு விட்டுப்போன நிலை. வெளியே கூட்டிப்போய் அரை மணி நேரம் அது மோப்பம் பிடிக்கிற வேகத்திலேயே நடங்கள், சாப்பாட்டை அப்படியே தட்டில் வைக்காமல் புல்லில் தூவித் தேடவிடுங்கள். முடிந்தால் ஓரிரு ராத்திரி தெரிந்தவர் வீட்டில் தங்க வையுங்கள். அமெரிக்கக் காப்பகங்களில் இப்படித் தங்கவைத்து கார்ட்டிசால் என்கிற மனஅழுத்த ஹார்மோனை அளந்திருக்கிறார்கள், வீட்டில் இருந்த நாட்களில் குறைந்தது, திரும்பி வந்ததும் பழைய அளவுக்கு ஏறியதே தவிர அதைத் தாண்டவில்லை. ஆகவே 'ஆசை காட்டி ஏமாத்தின மாதிரி ஆகாதா' என்று தயங்க வேண்டாம். அந்த வீட்டில் சோபா பக்கத்தில் எடுக்கிற போட்டோ கம்பிக்குப் பின்னால் எடுத்ததைவிடச் சீக்கிரம் ஆளைக் கொண்டுவரும்.

இன்னொன்று, சிலருக்குக் கோபம் வரும். குணமாகி, ஓடியாடுகிற தெருநாயைப் பாசத்தில் வருஷக்கணக்காக அடைத்து வைக்காதீர்கள். கருத்தடையும் தடுப்பூசியும் போட்டபின் பிடித்துக்கொண்டு வந்த இடத்திலேயே விட வேண்டும் என்பதுதான் 2023ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு (ABC) விதிகளிலும் அடிப்படை. அங்கே சோறு வைக்கிற ஒரு ஆள் இருந்தால் அதுவே அதற்கு வீடு. மூன்று காலோடு இருப்பது, கண் தெரியாதது, இவற்றுக்குத்தான் அந்தக் கூண்டு தேவை.

தீபாவளிக்கும் மே லீவுக்கும் வீட்டு நாய்கள் வந்து நிரம்பும், அப்போது உங்கள் நாய் சத்தமில்லாமல் சின்னக் கூண்டுக்கு மாறும். அதற்கு முந்தின வாரமே ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.