ஸ்மார்ட் சிக்னல் வாங்கும் முன்: பெருநகரப் போக்குவரத்துத் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூடுவாஞ்சேரியில் குடியிருந்து கிண்டியில் வேலை பார்க்கும் ஒருவரின் காலைப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டு வாசல் தெரு நகராட்சியுடையது. ஜி.எஸ்.டி. சாலை தேசிய நெடுஞ்சாலை. மின்சார ரயில் தெற்கு ரயில்வேயுடையது, அதாவது ஒன்றிய அரசுடையது. வழியில் வரும் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைக் கட்டியது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. மாநகரப் பேருந்தை ஓட்டுவது எம்.டி.சி. விமான நிலையத்தில் இறங்கி மெட்ரோ பிடித்தால் அது மாநில, ஒன்றிய அரசுகளின் கூட்டு நிறுவனம். கிளம்பும் இடத்தில் சிக்னலைப் பார்ப்பது தாம்பரம் காவல் ஆணையரகம். போய்ச் சேரும் இடத்தில் சென்னை ஆணையரகம். முப்பது கிலோமீட்டருக்குள் இத்தனை அலுவலகங்கள். பயணிக்கு இதெல்லாம் ஒரே பயணம்தான்.

நுண்ணறிவுப் போக்குவரத்து என்று சொன்னதும் கேமரா, சென்சார், பெரிய திரை வைத்த கட்டுப்பாட்டு அறை ஆகியவைதான் நம் கண்முன் வருகின்றன. ஆனால் ஒரு பெருநகரப் பகுதிக்கு இதைத் திட்டமிடுவது, மேலே சொன்ன அலுவலகங்கள் எதை, யாருக்கு, எத்தனை நொடிக்குள் சொல்ல வேண்டும் என்று எழுதி வைக்கும் ஒப்பந்த வேலை. கருவி அதற்குப் பிறகு வருவது. இந்த வரிசையை மாற்றிப் போடுவதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் கிளைக்கின்றன. சென்னையை முன்னிறுத்தியும், தேவைப்படும் இடத்தில் மற்ற நகரங்களைத் தொட்டும் அவற்றைப் பார்க்கலாம்.

டெண்டரிலிருந்து தொடங்குவது

நிதி கிடைக்கிறது, காலக்கெடு இருக்கிறது. உடனே பொருள் பட்டியல் தயாராகிவிடுகிறது. இத்தனை கேமரா, இத்தனை மின்னணு அறிவிப்புப் பலகை, ஒரு கட்டுப்பாட்டு அறை. அந்த அறைக்கு ஒரு விபத்துச் செய்தி வந்தால் அங்கே உட்கார்ந்திருப்பவர் யாரை அழைப்பார், அழைக்கப்பட்டவருக்கு எந்த அதிகாரம் இருக்கிறது என்ற கேள்விக்குப் பட்டியலில் பதில் இருக்காது. விளைவு, நெரிசலை உயர்தரத்தில் வேடிக்கை பார்க்கும் அறை.

அமெரிக்கா இந்தச் சிக்கலைச் சட்டத்தால் அணுகியது. 2001இல் வந்த கூட்டாட்சி விதிப்படி, நெடுஞ்சாலை நிதியில் இத்தகைய திட்டம் செய்யும் எந்தப் பகுதியும் முதலில் ஒரு வட்டாரக் கட்டமைப்பு வரைபடம் வைத்திருக்க வேண்டும். எந்தெந்த அமைப்புகள், அவற்றின் பொறுப்புகள், அவற்றிடையே ஓடும் தகவல்கள் என எல்லாம் அதில் இருக்கும். அது வெறும் காகித வேலையாக முடிந்த ஊர்களும் உண்டு. இருந்தாலும், பணத்துக்கு முன் வரைபடம் என்ற வரிசை சரியானது.

அதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் டிரான்ஸ்காம். நியூயார்க், நியூ ஜெர்சி, கனெக்டிகட் மாநிலங்களின் சாலை, ரயில், பால அமைப்புகள் சேர்ந்து 1986இல் தொடங்கிய கூட்டமைப்பு இது. தொடக்கத்தில் அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை மிக எளியது: நான் இந்தப் பாலத்தில் பராமரிப்பு வேலை வைக்கிறேன், அதே வாரம் நீ பக்கத்துச் சுரங்கப்பாதையை மூடாதே. இதற்குச் செயற்கை நுண்ணறிவு எதுவும் வேண்டியதில்லை. சென்னையில் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி, மழைநீர் வடிகால், மின்வாரியக் கேபிள், குடிநீர்க் குழாய் ஆகியவை ஒரே சாலையை அடுத்தடுத்து வெட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கும்டா எனப்படும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் இந்த இடத்துக்குத்தான் உருவாக்கப்பட்டது. சட்டம் 2010இல் நிறைவேறியது. குழுமத்தின் முதல் கூட்டம் முதலமைச்சர் தலைமையில் நடந்தது 2022 நவம்பரில். இடைப்பட்ட காலத்தில் மெட்ரோ ஓடத் தொடங்கிவிட்டது, ஒவ்வொரு துறையும் தனக்கென்று மென்பொருளும் கருவியும் வாங்கிவிட்டது. ஒருங்கிணைக்கும் அமைப்பு தாமதமாக வந்தால் அது முதலில் பழைய கணக்குகளைத்தான் தீர்க்க வேண்டியிருக்கும்.

எல்லைக் கோட்டை நகரம் என்று நம்புவது

சென்னைப் பெருநகரப் பகுதி நெடுங்காலம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அக்டோபரில் வெளியான அரசாணை அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தது. ஆவடி 2019இலும் தாம்பரம் 2021இலும் மாநகராட்சி ஆயின. 2022இல் காவல்துறையும் சென்னை, ஆவடி, தாம்பரம் என மூன்று ஆணையரகங்களாகப் பிரிந்தது. நிர்வாகத்துக்கு இவை நியாயமான முடிவுகள்தான். ஆனால் சிக்னல் திட்டத்தை ஆணையரகம் ஆணையரகமாக வாங்கினால், எல்லையில் இருக்கும் சந்திப்பில் பச்சை விளக்குத் தொடர் அறுந்துபோகும். நெரிசல் உருவாவதும் பெரும்பாலும் அந்த விளிம்புகளில்தான்.

கிளாம்பாக்கம் இன்னொரு பாடம். 2023 டிசம்பர் 30 அன்று முனையம் திறக்கப்பட்டு, தென் மாவட்டப் பேருந்துகள் அங்கே மாற்றப்பட்டன. பக்கத்திலேயே ரயில் பாதை ஓடுகிறது. திறந்த அன்று அங்கே நிற்க நிலையம் இல்லை. எத்தனை நல்ல ஆப் வந்தாலும் இல்லாத நிலையத்தில் ரயிலை நிறுத்தாது. தகவல் தொழில்நுட்பத்தால் தரையில் இருக்க வேண்டிய இணைப்பின் குறையை ஈடுகட்ட முடியும் என்ற எண்ணத்தை அறிக்கை எழுதும்போதே வெட்டிவிடுவது நல்லது.

வாகனத்தை எண்ணி ஆட்களை மறப்பது

உலகின் பெயர்பெற்ற தகவமைப்புச் சிக்னல் முறைகளான ஆஸ்திரேலியாவின் ஸ்கேட்ஸ், பிரிட்டனின் ஸ்கூட் இரண்டும் 1970களில் கருக்கொண்டவை. சாலைக்கடியில் புதைத்த கம்பிச் சுருள் மேலே நிற்கும் உலோகத்தை உணரும். அதைக் கொண்டு எந்தத் தடத்தில் எவ்வளவு வண்டி என்று கணக்கிட்டுப் பச்சை நேரத்தைக் கூட்டிக் குறைக்கும். வண்டிகள் தடத்துக்குள் ஒழுங்காக ஓடும் என்பது அதன் அடிப்படை எதிர்பார்ப்பு. நம் ஊர்ச் சந்திப்பிலோ சிவப்பு விழுந்ததும் பைக்குகள் பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் புகுந்து நிறுத்தக் கோட்டையும் தாண்டி நிற்கின்றன. கம்பிச் சுருளுக்கு இந்தக் கூட்டம் சரியாகப் பிடிபடாது. சாலையைத் தோண்டும் ஒவ்வொரு முறையும் சுருளும் போய்விடும். இந்தியக் கலப்புப் போக்குவரத்தை மனத்தில் வைத்து திருவனந்தபுரம் சி-டாக் உருவாக்கிய கோசிகாஸ்ட் போன்றவை வந்ததற்கும், இங்கே கேமரா வழிக் கணிப்பை நாடுவதற்கும் இதுதான் காரணம். கேமராவுக்கும் கனமழை, எதிர்வெயில், கிளை வளர்ந்து மறைக்கும் மரம் என்று தனிச் சிக்கல்கள் உண்டு. எந்த முறையை வாங்கினாலும் நம் சந்திப்பு ஒன்றில், அடைமழை நாளிலும் சேர்த்துச் சோதித்துப் பார்த்தபின் கையெழுத்திடுங்கள்.

இதைவிட ஆழமான தவறு, எதைக் குறைக்க வேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்வதில் இருக்கிறது. வழக்கமான கணக்கில் ஒரு பேருந்து சுமார் மூன்று காருக்குச் சமம், ஏனென்றால் அது அடைக்கும் இடம் அவ்வளவு. உள்ளே அறுபது பேர் நிற்பது அந்தக் கணக்கில் வராது. வாகனத் தாமதத்தைக் குறை என்று கட்டளையிட்டால் கார்கள் அதிகம் வரும் பக்கத்துக்குப் பச்சை நீளும். பேருந்தும் அறுபது பேரும் காத்திருப்பார்கள். சாலையைக் கடக்க நிற்கும் பாட்டி கணக்கிலேயே இல்லை. ஆள்-நிமிடத்தை, அதாவது எல்லா ஆட்களும் சேர்ந்து காத்திருக்கும் மொத்த நிமிடத்தை, அளவுகோலாக வைத்தால் அதே கருவி வேறு முடிவு எடுக்கும்: பேருந்து நெருங்கும்போது பச்சையைச் சில நொடி நீட்டும், நடப்பவருக்குக் கட்டாய நேரம் ஒதுக்கும். எதை அளவுகோலாக வைப்பது என்பது அரசியல் முடிவு. அதை விற்பனையாளர் கருவியில் முன்பே பதித்துத் தரும் அளவுகோலிடம் விட்டுவிடுகிறோம்.

லாஸ் ஏஞ்சலிஸ் 1984 ஒலிம்பிக்கையொட்டித் தொடங்கி, 2013இல் ஏறத்தாழ 4,400 சிக்னல்கள் அனைத்தையும் ஒரே கணினி வலையில் இணைத்து முடித்தது. அந்த ஊர் இன்றும் நெரிசலுக்குப் பெயர்போனது. சிக்னல் ஒருங்கிணைப்பு பயனற்றது என்பதல்ல. காருக்குப் பதிலாக வேறொன்றைத் தராமல் காரை மட்டும் வேகப்படுத்தினால், மிச்சமாகும் இடத்தைப் புதிய கார்கள் வந்து நிரப்பிவிடும்.

அட்டையை முதலில் அச்சடிப்பது

சிட்னி நகரம் 2000 ஒலிம்பிக்குக்குள் கொண்டுவர நினைத்த ஒருங்கிணைந்த பயண அட்டையான டி-கார்டு, பல ஆண்டுகள் இழுத்து 2008 ஜனவரியில் கைவிடப்பட்டது. பேருந்துக்கு ஒரு கட்டண முறை, ரயிலுக்கு ஒன்று, படகுக்கு ஒன்று, அதற்குள் எண்ணற்ற சலுகைகள் என்று இருந்த சிக்கலை அப்படியே மென்பொருளுக்குள் திணிக்கப் பார்த்ததை முக்கியக் காரணமாகச் சொல்வார்கள். 2010இல் கட்டணங்களை எளிமைப்படுத்தினார்கள். அதன்பின் 2012 டிசம்பரில் ஓபல் அட்டை முதலில் படகுச் சேவையில் வந்து, படிப்படியாகப் பரவியது.

சிங்கப்பூரில் நடந்தது வேறு வகை. 2024 ஜனவரியில், பழைய அட்டை முறையை ஜூன் 1 முதல் நிறுத்திவிட்டு, பெரியவர் கட்டணத்தில் பயணிப்பவர்கள் சிம்ப்ளிகோ என்ற புதிய முறைக்கு மாற வேண்டும் என்று அறிவித்தார்கள். புதிய முறையில் கணக்கு சர்வரில் இருந்ததால், தட்டும் இடத்தில் கழிக்கப்பட்ட கட்டணமும் மீதித் தொகையும் தெரியவில்லை. செல்பேசி ஆப்பில் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. தொழில்நுட்பக்காரர்களுக்கு இது அற்பக் குறை. மீதி எவ்வளவு என்று பார்த்துப் பார்த்துச் செலவு செய்யும் பயணிகளுக்கு அப்படி இல்லை. எதிர்ப்பு கிளம்பியது. இரண்டே வாரத்தில் அரசு முடிவைத் திரும்பப் பெற்று, பழைய முறையைத் தொடர 4 கோடி சிங்கப்பூர் டாலர் கூடுதலாக ஒதுக்கியது.

சென்னையில் 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்று’ ஆப், பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில், ஆட்டோ எல்லாவற்றையும் ஒரே க்யூ.ஆர். சீட்டுக்குள் கொண்டுவந்தது நல்ல பாய்ச்சல். ஆனால் பேருந்தில் இறங்கி மெட்ரோ ஏறினால் அங்கே குறைந்தபட்சக் கட்டணம் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. சீட்டு ஒன்றாவதும் கட்டணம் ஒன்றாவதும் வேறு வேறு. இரண்டாவதைச் செய்ய, வருமானத்தை யார் எந்த விகிதத்தில் பங்கிடுவது என்று நிதித்துறையும் ரயில்வேயும் உட்கார்ந்து பேச வேண்டும். அந்தப் பேச்சைத் தள்ளிப்போட ஆப் ஒரு சாக்காகிவிடக் கூடாது.

பணிமனைக்குப் போகாமல் பேருந்தைக் கண்காணிப்பது

ஆப்பில் ஐந்து நிமிடத்தில் வருவதாகக் காட்டிய பேருந்து வராமலே போனதுண்டா? பெரும்பாலும் ஜி.பி.எஸ். மேல் பழியில்லை. காலையில் பணிமனையில் ஒரு வண்டி பழுது. நேரக் காப்பாளர் வேறு வண்டியை அந்த ஷெட்யூலில் அனுப்புகிறார். எந்த வண்டி எந்தத் தடத்தில் என்ற பட்டியலைக் கணினியில் மாற்ற அந்த நெருக்கடியில் அவருக்கு நேரமில்லை. செயற்கைக்கோளுக்கு வண்டி இருக்கும் இடம் துல்லியமாகத் தெரிகிறது, அது எந்தத் தடத்து வண்டி என்பதுதான் தெரியவில்லை. பாதியில் திரும்பும் கட் சர்வீஸுக்கும் இதே கதி. நேரக் காப்பாளரின் வேலையை இரண்டு பொத்தானில் முடியும்படி வடிவமைக்காத திட்டம், கோடிகளைச் செலவழித்துத் தவறான தகவலை வேகமாகப் பரப்புகிறது. நடத்துநர்களுக்கும் அப்படித்தான். பெண்களுக்கான கட்டணமில்லாச் சீட்டை எங்கிருந்து எங்கே என்று குறிக்காமல் ஏதோ ஒன்றாக அடித்துக் கொடுத்தால், அதிகம் பயணிப்பவர்களின் பயணமே திட்டமிடுபவர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பிறகு வழித்தடங்களை ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களை மட்டும் பார்த்து மாற்றுவார்கள்.

தரவு யாருடையது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். 2005இல் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கிய ஜி.டி.எப்.எஸ். என்ற திறந்த வடிவத்தில் தடம், நிறுத்தம், நேரம் எல்லாம் வெளியாக வேண்டும். டெல்லி 2018இலிருந்து தன் பேருந்துகளின் நேரடித் தரவைப் பொதுவில் தருகிறது. ஒப்பந்ததாரரின் பூட்டிய வடிவத்தில் மட்டும் தரவு இருந்தால், அவர் விலகும் நாளில் நகரத்தின் நினைவும் அவரோடு போகும். பராமரிப்புக்குத் தனித் தலைப்பில் ஆண்டுதோறும் பணம் ஒதுக்காததும் இதே குடும்பத்துத் தவறுதான். திறப்பு விழா முடிந்த சில வருடத்தில் இருண்டு கிடக்கும் அறிவிப்புப் பலகைகளை எல்லா ஊரிலும் பார்க்கிறோம்; அதிகம் சொல்லத் தேவையில்லை.

நல்ல நாளுக்கு மட்டும் திட்டமிடுவது

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் பல சுரங்கப்பாதைகள் மூடப்பட்டன, புறநகர் ரயில்கள் நின்றன, பல பகுதிகளில் மின்சாரமும் செல்பேசி இணைப்பும் போயின. நுண்ணறிவு அமைப்பு அதிகம் தேவைப்படும் நாள் அதுதான். கரண்டும் நெட்டும் இல்லாமல் அது படுத்துவிடும் வாய்ப்பு அதிகமுள்ள நாளும் அதுவே. ஆகவே திட்ட அறிக்கையில் சில கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும். சுரங்கப்பாதையில் நீர் குறிப்பிட்ட அளவைத் தொட்டால் தடுப்பை இறக்க யாருக்கு அதிகாரம், மாநகராட்சிக்கா போலீசுக்கா? அந்தச் செய்தி பக்கத்து ஆணையரகத்துச் சிக்னலுக்கும் எம்.டி.சி. பணிமனைக்கும் 108 ஆம்புலன்ஸ் அறைக்கும் தானாகப் போகிறதா, அல்லது வாட்ஸ்அப் குழுவில் யாராவது போட்டால்தானா? சிக்னலின் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? கட்டுப்பாட்டு அறை எந்த மாடியில் இருக்கிறது, அதன் ஜெனரேட்டர் எந்த மாடியில் இருக்கிறது? கடைசிக் கேள்வியை ஆலோசகர்களிடம் தவறாமல் கேளுங்கள். ஜெனரேட்டரைத் தரைத்தளத்தில் வரைந்து வைத்திருந்தால், வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.