பெற்றோரின் வீட்டை எழுதி வாங்கும் முன், எழுதிக் கொடுக்கும் முன்

வீட்டைப் பிள்ளையின் பெயருக்குத் தான செட்டில்மென்டாக, அதாவது உயிரோடு இருக்கும்போதே உரிமையை மாற்றித் தரும் பத்திரமாக, எழுதிக் கொடுக்கப் பெற்றோர் முடிவு செய்துவிட்டால், சார்பதிவாளர் அலுவலகத்திற்குப் புறப்படும் முன், பத்திரத்தை ஒரு முறை அவர்களுக்கு முழுமையாக வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு மூதாட்டி, மஞ்சள் பையில் மடித்து வைத்திருந்த பத்திர நகலை என்னிடம் நீட்டியபோது, அதில் அவருடைய கையெழுத்துக்குச் சற்று மேலே, "இன்றைய தேதியிலேயே சுவாதீனம் ஒப்படைத்துவிட்டேன், எக்காலத்திலும் ரத்து செய்ய மாட்டேன்" என்று இருந்தது. சுவாதீனம் என்றால் சொத்தின் அனுபவ உரிமை. தம் காலத்துக்குப் பிறகுதான் வீடு மகனைச் சேரும் என்று அவர் அதுவரை நம்பிக்கொண்டிருந்தார்.

காலத்துக்குப் பிறகு சேர வேண்டும் என்றால் எழுத வேண்டியது உயில். உயிலை எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுபவரைச் சாட்சியாக்காமல் இருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுங்கள். எழுதும்போது தெளிந்த மனநிலையில் இருந்தார் என்று மருத்துவர் அதே நாளில் தரும் சான்று, பின்னாளில் உடன்பிறந்தோரிடையே வரும் வழக்கில் பெரிதும் துணை நிற்கும். செட்டில்மென்ட் அப்படியல்ல, பதிவானதும் உரிமை கைமாறிவிடுகிறது, பொதுவாக அதைத் தன்னிச்சையாகத் திரும்பப் பெற முடியாது.

இதற்கு ஒரு முக்கியமான விலக்கு, 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. 60 வயது நிறைந்த ஒருவர், தம் அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, பெற்றவர் அதைச் செய்யத் தவறினால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கும்படி இச்சட்டத்தின்கீழ் அமைந்த தீர்ப்பாயத்தைக் கேட்கலாம். நிபந்தனை இல்லாத பத்திரத்துக்கு இந்தப் பிரிவு துணை வராது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியோரின் நலனுக்கான சட்டம் என்பதால் தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்று சொல்லி, ஒரு தாய் மகனுக்கு எழுதிய தானப் பத்திரத்தை ரத்து செய்து வீட்டை அவரிடமே ஒப்படைக்க உத்தரவிட்டது. இருப்பினும், நீதிமன்றத்தின் இரக்கத்தை நம்பி ஒரு வரியை எழுதாமல் விடுவது தேவையற்ற ஆபத்து என்பது என் உறுதியான கருத்து.

அந்த வரியை இப்படி எழுதச் சொல்லலாம்: "என் ஆயுட்காலம் வரை இவ்வீட்டில் குடியிருக்கும் உரிமை எனக்கு உண்டு, எனக்கு உணவு, உடை, மருத்துவம் ஆகியவற்றை நீ செய்து தர வேண்டும், தவறினால் இப்பத்திரத்தை ரத்து செய்ய எனக்கு உரிமை உண்டு." கேட்கச் சங்கடமாக இருக்கும் என்று பல பெற்றோர் தயங்குகிறார்கள், ஆகவே இதைச் சேர்க்கும்படி பிள்ளைகளே முன்வந்து சொல்வதுதான் முறை.

கைவிடப்பட்ட நிலை வந்துவிட்டால், தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும். பத்திர நகல், வயதுச் சான்று, மருத்துவச் செலவு ரசீதுகள் ஆகியவற்றை இணைக்கவும். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்க இச்சட்டம் இடமளிக்கிறது. உத்தரவு பாதகமாக வந்தால் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மனு எழுதத் துணையில்லாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

அடுத்தது பவர் பத்திரம், அதாவது தம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம். அப்பாவுக்கு மறதி நோய் முற்றிய பிறகும் அவர் கொடுத்த பவரை வைத்து எல்லாவற்றையும் நடத்திக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, பவர் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்ததும் அந்த அதிகாரம் முடிந்துவிடுகிறது. அதன்பின் தம்மை அவருக்குப் பாதுகாவலராக நியமிக்கும்படி பிள்ளைகள் நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டியிருக்கும். அதற்குப் பல மாதங்கள் ஆகலாம், மருத்துவச் செலவோ அதுவரை காத்திருக்காது.

இந்த இடைவெளியைச் சமாளிக்க, அன்றாடச் செலவுக்கான கணக்கை மட்டும் "இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்ற முறையில் பிள்ளையோடு கூட்டுக் கணக்காக்கலாம். அதில் உள்ள முழுப் பணத்தையும் பிள்ளை தனியாகவே எடுக்க முடியும் என்பதால், வைப்புத்தொகையைப் பெற்றோர் பெயரிலேயே வைத்து, நாமினியைப் பதிவு செய்யுங்கள். நாமினி பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்ப்பவரே தவிர, அந்தக் காரணத்தாலேயே அதற்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. கை நடுங்கிக் கையெழுத்து மாறிப்போனவர்கள், வங்கி அலுவலர் ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கைநாட்டு வைத்துப் பணம் எடுக்க வழியுண்டு. கிளையில் மறுத்தால், ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலைக் குறிப்பிட்டு எழுத்து மூலமாகக் கேளுங்கள்.